நான்காவது புகைப்படம்: இரண்டு அரூப ஓவியர்களை முன்வைத்து

(இணையவழி நேரலை இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

உங்களில் சிலருக்கு இது அதிகாலை, சிலருக்கு நள்ளிரவு. தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் நண்பர்களுக்கு நன்றி.

அரூப ஓவியம் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "அதில் புரிந்துகொள்ள என்ன இருக்கிறது?" என்று கேட்டார். நாகஸ்வரத்தில் தோடி ஆலாபனை கேட்கும்போது நாம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. அதைத்தான் அவரிடம் சொன்னேன். ஆனால் சொன்ன பிறகு எனக்கே அந்தப் பதில் போதவில்லை. ராகம் போல ரசித்துவிட்டுப் போகக்கூடிய ஓவியங்களுக்கு அது சரி. ஒரு கொடுமையை அரூபமாக வரைந்தால்? அது அந்தக் கொடுமையை மூடி மறைப்பதாகாதா? இன்று இந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

கெர்ஹார்ட் ரிக்டர் 1932-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தவர். கிழக்கு ஜெர்மனியில் சுவரோவியம் பயின்று, 1961-இல் மேற்கு ஜெர்மனிக்குத் தப்பி வந்தார். அவருடைய சித்தி மரியான் மனநோயாளி. நாஜிகளின் 'கருணைக்கொலை'த் திட்டத்துக்கு 1945-இல் பலியானார். தாய்மாமன் ரூடியோ அதே ஆட்சியின் ராணுவச் சீருடையில் போருக்குப் போய் மடிந்தவர். குடும்ப ஆல்பத்தில் இருந்த இருவரின் படங்களையும் 1965-இல் ரிக்டர் மங்கலாக வரைந்தார். ஒரே வீட்டில் பலியானவரும் உண்டு, பலிகொண்ட படையில் இருந்தவரும் உண்டு.

பிற்காலத்தில் அவர் பெரிதும் அரூப ஓவியத்துக்கு வந்தார். அவர் வேலை செய்யும் முறையை 2011-இல் வெளிவந்த கொரின்னா பெல்ஸின் ஆவணப்படத்தில் பார்க்கலாம். கித்தானில் வண்ணம் பூசுகிறார். பிறகு கண்ணாடி துடைக்கும் கருவியைப் போல, ஆனால் ஆள் உயரத்துக்கு நீண்ட ஒரு பட்டையில் வண்ணத்தைத் தடவி, கித்தானின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுக்கிறார். மேல் வண்ணம் கீழ் வண்ணத்தை மூடுகிறது, சில இடங்களில் அதைக் கிழித்து வெளியே கொண்டுவருகிறது. எது மறையும், எது மேலே வரும் என்பது முழுக்க அவர் கையில் இல்லை. தள்ளி நின்று பார்க்கிறார். திருப்தி இல்லையென்றால் மறுபடி இழுக்கிறார்.

2014-இல் அவர் வரைந்த 'பிர்க்கெனாவ்' என்ற நான்கு ஓவியங்களுக்கு அடிப்படை நான்கு புகைப்படங்கள். 1944 ஆகஸ்டில், ஆஷ்விட்ஸ்-பிர்க்கெனாவ் வதைமுகாமில், பிணங்களை எரிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட யூதக் கைதிகள் உயிரைப் பணயம் வைத்து எடுத்தவை அவை. படச்சுருளைப் பற்பசைக் குழாய்க்குள் ஒளித்து வெளியே அனுப்பினார்கள். இரண்டு படங்களில் திறந்தவெளியில் எரியும் உடல்கள். ஒன்றில், மரங்களுக்கிடையே பெண்கள் நிர்வாணமாக நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். நான்காவதில் மனிதர்களே இல்லை. சாய்ந்த மரக்கிளைகளும் வெளிறிய வானமும் மட்டும்.

ரிக்டர் இந்த நான்கையும் முதலில் கித்தானில் பெரிதாக வரைந்தார். ஆனால் அப்படியே விட அவருக்கு மனம் ஒப்பவில்லை. வண்ணத்தை இழுத்து, மேலும் மேலும் இழுத்து, அடியில் இருந்தது கண்ணுக்கே தெரியாதபடி ஆக்கிவிட்டார். கறுப்பு, சாம்பல், வெள்ளை, ஊடே சிவப்பும் பச்சையும்.

தலைப்பைச் சொல்லாவிட்டால் யாருக்கு இது தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், தெரியாது. இந்த ஓவியம் தனியாக நின்று சாட்சி சொல்லாது. ரிக்டரும் அப்படி உரிமை கோரவில்லை என்றே நினைக்கிறேன். இந்த ஓவியங்களோடு அந்தப் புகைப்படங்களின் பிரதிகளும், எதிரே பெரிய சாம்பல்நிறக் கண்ணாடிகளும் வைக்கப்படுகின்றன. சாட்சி சொல்லும் வேலை புகைப்படத்துக்கு. கண்ணாடியில் தெரிவது பார்க்க வந்த நாம்.

அப்படியானால் ஓவியத்துக்கு என்ன வேலை? இங்கேதான் நான்காவது புகைப்படத்துக்குத் திரும்புகிறேன். தகவல் என்ற வகையில் அது பயனற்ற படம். ஆனால் அந்தக் கேமராவைக் குறிபார்க்கக்கூட முடியாமல், மறைத்துப் பிடித்து அழுத்திய கையை அந்தச் சாய்வு காட்டிக்கொடுக்கிறது. மற்ற மூன்றும் நடந்ததைக் காட்டுகின்றன. நான்காவது, அதைப் பார்ப்பது எப்படி இருந்தது என்பதைக் காட்டுகிறது. என் பார்வையில், ரிக்டரின் ஓவியங்கள் அந்த நான்காவது படத்தின் வழிவந்தவை.

ஜூலி மெஹ்ரெட்டு 1970-இல் அடிஸ் அபாபாவில் பிறந்தவர். அரசியல் கொந்தளிப்பால் குடும்பம் 1977-இல் அமெரிக்கா சென்றது. செய்திப் புகைப்படங்களைக் கணினியில் கலைத்து மங்கலாக்கி, அந்த மங்கலைக் கித்தானில் தளமாக்கிக்கொண்டு, அதன்மேல் மையால் கோடுகள் இடுகிறார். 2018-இல் வரைந்த 'ஹினேனி'யின் அடியில் இருப்பவை கலிஃபோர்னியக் காட்டுத்தீயும் மியன்மாரில் எரிந்த ரோஹிங்யா வீடுகளும். 'ஹினேனி' எபிரேயச் சொல். எரியும் முட்செடியிலிருந்து வந்த அழைப்புக்கு மோசே சொன்ன பதில்: இதோ, இருக்கிறேன். ரிக்டர் மூடுகிறார் என்றால், மெஹ்ரெட்டு மங்கலின் மேல் தன் கைத்தடத்தைப் பதித்து, அங்கே தானும் நின்றதைச் சொல்கிறார்.

இதைத் தமிழர்களாகிய நம்மிடம் ஏன் சொல்கிறேன்? 2009-இல் நம்மில் பலர் தொலைதூர நாடுகளில் கணினித் திரையின் முன் அமர்ந்து படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவற்றை மறுபடி பார்க்கவும் முடியவில்லை, அழிக்கவும் மனமில்லை. அந்தப் படங்கள் சாட்சியங்கள், பத்திரமாக இருக்க வேண்டியவை. அவற்றின் வேலையை எந்த ஓவியமும் செய்ய முடியாது. ஆனால் அவற்றைப் பார்த்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போன நம் நிலையை எந்தப் புகைப்படமும் எடுத்திருக்கவில்லை. அதற்கு உருவம் கிடையாது. அரூபம் தேவைப்படுவது அங்கேதான்.

அடுத்த முறை ஒரு கண்காட்சியில் இப்படியொரு ஓவியத்தின் முன் நிற்க நேர்ந்தால், "இது என்ன?" என்று கேட்பதற்கு முன், "இதன் அடியில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். சில ஓவியங்களின் அடியில் ஒன்றுமே இருக்காது. அதுவும் நமக்குத் தெரிந்துவிடும்.