கேள்வியும் தோழமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

மேடையேறிப் பேசிப் பழக்கமில்லாதவன் நான். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே பார்சல் ஆபீசில் ரசீதும் பேரேடுமாகக் காலங்கழிக்கும் குமாஸ்தா. சங்கீத வித்துவானும் அல்லேன். கேட்கும் காது மட்டும் உண்டு. ஆயினும், "சனிக்கிழமைதோறும் உங்கள் குவார்ட்டர்ஸ் தாழ்வாரத்தில் நடக்கிறதே, அந்தச் சங்கீத விநாடி வினாவைப் பற்றிப் பேசுங்கள்" என்று செயலாளர் அவர்கள் பணித்துவிட்டார்கள். தட்ட இயலவில்லை.

விளையாட்டு எளியது. வேலை முடிந்த ஐந்தாறு நண்பர்கள் கூடுவோம். ஒருவர் இசை வரலாற்றிலிருந்து ஒரு வினா எழுப்புவார். மற்றவர்கள் விடை கூற வேண்டும். மிகுதியாகத் தோற்றவர் அன்றைய காப்பிச் செலவை ஏற்க வேண்டும்.

மாதிரிக்குச் சில சொல்கிறேன். நம் குழந்தைகள் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பயில்கிறார்களே, அந்தப் பாடமுறையை வகுத்தவர் என்று போற்றப்படுபவர் யார்? புரந்தரதாசர். அவர் 1564-ஆம் ஆண்டு மறைந்தது எங்கே? இந்த ஹூப்ளியிலிருந்து கிழக்கே ரயிலேறினால் எட்டிவிடக்கூடிய ஹம்பியில். பிடில் என்னும் மேனாட்டுக் கருவியை நம் இசைக்குப் பழக்கிய முன்னோடி யார்? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசுவாமி தீட்சிதர். மும்மூர்த்திகளுக்கு முன்னரே தமிழிற் கீர்த்தனை இயற்றிய சீகாழி மூவர் யாவர்? முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை.

இவ்வினாக்களை ஒரு பழைய பேரேட்டில் எழுதி வைத்திருந்தேன். நாளடைவில் அந்தப் பேரேடு தடித்தது. அதனோடு என் செருக்கும் தடித்தது. அதனால் விளைந்த ஒரு பிழையை இந்த அவையில் ஒப்புக்கொள்வது கடமை என்று கருதுகிறேன்.

எங்கள் குழுவில் பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் உண்டு, என்னினும் மூத்தவர். அவர் பேசுவது குறைவு. காப்பி அருந்திக்கொண்டு கேட்டிருப்பார். ஒருநாள் நான் வேண்டுமென்றே அவர் பக்கம் திரும்பி, "அண்ணே, சியாமா சாஸ்திரி பிறந்தது 1762, தியாகராசர் பிறந்தது 1767, தீட்சிதர் பிறந்தது 1775. மூவரும் பிறந்த ஊர் ஒன்றே. அது எந்த ஊர்?" என்று கேட்டேன். அவர் விழித்தார். நான் சிரித்துக்கொண்டே, "திருவாரூர்! நீங்கள் பிறந்த ஊரேதான்!" என்றேன். தாழ்வாரமே சிரித்தது. அவரும் சிரிப்பது போலச் செய்தார். மறுவாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. கேட்டால், "இரவு டியூட்டி" என்றார். டியூட்டிப் பட்டியல் நான் அறியாததா?

இரண்டு மாதம் கழித்து, ஒருநாள் மாலை அவர் வீட்டுக்குச் சென்றேன். மன்னிப்புக் கேட்க நா எழவில்லை. ஊர்க்கதை பேசத் தொடங்கினேன். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, எனக்கு ஆண்டும் தெரியாது, ராகமும் தெரியாது. என் தாத்தா தவில் வாசித்தவர். சின்ன வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போவார். அங்கே பஞ்சமுக வாத்தியம் கேட்டிருக்கிறேன். ஒரே குடம், ஐந்து வாய். ஐந்துக்கும் தோல் போர்த்தியிருக்கும். நடுவாய் பெரியது, சுற்றிலும் நான்கு. அந்த ஓசை இன்னும் காதில் இருக்கிறது. அதைப் பற்றி உங்கள் நோட்டில் இருக்கிறதா?"

என் பேரேட்டில் அது இல்லை. சிவபெருமானின் ஐந்து முகங்களைக் குறிக்கும் அந்த அரிய கருவியைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. மும்மூர்த்திகள் பிறந்த ஆண்டுகளை மனப்பாடம் செய்த நான், அவர்கள் பிறந்த ஊரின் ஓசையைக் கேட்டதில்லை. அவரோ அந்த ஓசையைக் காதில் வைத்துக்கொண்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பாயிண்ட் மாற்றிக்கொண்டிருக்கிறார். யார் யாரைத் தோற்கடித்தது?

அடுத்த சனிக்கிழமை அவர் வந்தார். பேரேட்டையும் பென்சிலையும் அவர் கையிலேயே கொடுத்தேன். "ஐந்து வாயுள்ள முழவு எந்தக் கோயிலில் உண்டு?" என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. அன்று காப்பிச் செலவு முழுவதும் என்னுடையது. அதைவிட மகிழ்ச்சியோடு நான் செலவிட்ட காசு வேறில்லை.

அன்றுமுதல் முறையை மாற்றினோம். வெறும் ஆண்டைக் கேட்பதில்லை. வினாவின் பின்னால் ஒரு கதை இருக்க வேண்டும். அதன் பயனையும் கண்டோம். ஒருநாள் நான், "வடநாட்டுப் பெரும் பாடகர் ஒருவர் நம் தமிழ்நாட்டு ரயில் நிலையம் ஒன்றில் உயிர் நீத்தார், அவர் யார்?" என்று கேட்டேன். தமிழர் எவருக்கும் விடை தெரியவில்லை. அடுத்த வீட்டில் வாழும் தார்வார்க்காரர், ஓய்வுபெற்ற கார்டு, வேலிக்கு அப்பாலிருந்தே, "அப்துல் கரீம் கான்!" என்றார். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் வழியில் உடல்நலம் குன்றி, செங்கற்பட்டுக்கு முன்னுள்ள சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தில் இறங்கி, அந்தப் பிளாட்பாரத்திலேயே அவர் உயிர் நீத்தார். தியாகராசர் கீர்த்தனையையும் இசைத்தட்டில் பாடிப் பதித்த பெருமகன் அவர். அவருடைய மாணவர் சவாய் கந்தர்வர் நமக்கு அருகிலுள்ள குந்தகோளத்தைச் சேர்ந்தவர். அவரிடம் பயின்றவர்களே, 2009-ஆம் ஆண்டு வரை இந்நகரில் வாழ்ந்து மறைந்த கங்குபாய் ஹங்கல் அம்மையாரும், கதக் தந்த பீம்சேன் ஜோஷியும்.

சிங்கப்பெருமாள் கோயிலைக் கடந்து எத்தனை முறை ஊருக்குப் போயிருக்கிறோம்! குந்தகோளத்தை எத்தனை முறை ஜன்னல் வழியே பார்த்திருக்கிறோம்! இரண்டு நிலையங்களையும் ஒரு குரல் இணைத்திருப்பதை அன்றுதான் உணர்ந்தோம். அந்தக் கார்டு நண்பர் இப்போது வேலிக்கு இப்பால் அமர்ந்து காப்பி அருந்துகிறார்.

அன்பர்களே! பிழைப்பு நாடி ஊரைவிட்டு வந்தவர்கள் நாம். நிலமும் வீடும் கையோடு வரவில்லை. வந்தவை சில பெயர்களும், சில பாட்டுகளும், காதில் தங்கிய சில ஓசைகளுமே. அவற்றை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் போனால், அவை நம்மோடு முடிந்துவிடும். கொடுக்கும் விதமும் முக்கியம். "இதுகூடத் தெரியாதா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டால், குழந்தை மறுமுறை நம் அருகில் வராது. பெரியவரே இரண்டு மாதம் வரவில்லையே!

ஆகவே, நம் சங்கத்திலும் மாதம் ஒருநாள் இத்தகைய வினா அரங்கு நடத்தலாம் என்று பணிவுடன் வேண்டுகிறேன். முதலாவது, விடை தெரியாதவரைப் பார்த்து ஒருவரும் சிரித்தல் கூடாது. இரண்டாவது, கேட்டவர் விடையோடு அதன் கதையையும் சொல்ல வேண்டும். மூன்றாவது, தோற்றவரே அடுத்த வினாவைக் கேட்க வேண்டும். அவரிடம் நமக்குத் தெரியாத ஒன்று கட்டாயம் இருக்கும்.

அந்தப் பாயிண்ட்ஸ்மேன் அண்ணன் இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அன்று கேட்க நா எழாத மன்னிப்பை இன்று இந்த அவையறியக் கேட்டுக்கொண்டு, என் சிற்றுரையை முடிக்கிறேன்.