கிரிக் மலைச்சாலையில் மூன்று நாள்: தடுப்பதா, தயார்ப்படுத்துவதா?



மஸ்ஜித் இந்தியாவுக்குப் பெருநாள் துணி வாங்க வரும் குடும்பங்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். அப்பாவும் அம்மாவும் காரை நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். மகன் மோட்டார் சைக்கிளில் வந்து, கடை வாசலில் அரை மணி நேரமாகக் காத்திருப்பான். கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் வேலைக்கும் கல்லூரிக்கும் போய் வரும் நம் இளைஞர்களில் பலருக்கு அந்த மோட்டார்தான் கால். அதில் வியப்பில்லை. ஆனால் நீண்ட வார விடுமுறை வந்ததும் அதே பிள்ளை, "நண்பர்களோடு கிரிக் வழியாகக் கிளந்தான் போய் வருகிறேன், மூன்று நாள்" என்று சொன்னால் வீட்டில் இடி விழுந்தது போல் ஆகிவிடுகிறது. "அந்தக் காட்டுக்கா? மோட்டாரிலா? வேண்டவே வேண்டாம்" என்கிறார் அம்மா. பிள்ளை முகத்தைத் தூக்கிக்கொள்கிறான். சில வீடுகளில் அத்தோடு பேச்சு முடிகிறது. வேறு சில வீடுகளில், பிள்ளை சொல்லாமலே கிளம்பிவிடுகிறான். இன்றைய உரை இந்த இரண்டாவது வீட்டைப் பற்றியது.

அம்மாவின் அச்சம் வீண் அச்சமல்ல. அண்மைய ஆண்டுகளில் நம் நாட்டுச் சாலைகளில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் உயிரிழக்கிறார்கள். அவர்களில் 60 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் மோட்டார் ஓட்டிகளும் பின்னால் அமர்ந்து செல்பவர்களும்தான். தலைக்கவசம் 1973 முதல் கட்டாயம். அப்படியிருந்தும் இந்த நிலை. இதைத் தெரிந்துகொண்டுதான் மேலே பேச வேண்டும்.

வெளிநாட்டுக் கனவும் உள்நாட்டுக் காடும்

நீண்ட தூர மோட்டார் பயணம் என்றால் நம் பிள்ளைகளின் கண் முன் வருவது ஆஸ்திரேலியாவின் உட்பகுதி அல்லது லடாக் மலை. ஆஸ்திரேலியாவின் நல்லார்போர் சமவெளியில் ஏறத்தாழ 146 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாமல் சாலை நேராக ஓடுகிறது. அங்கே ஓட்டுநருக்கு எதிரி தூக்கமும் தாகமும் கங்காருவும். மலேசியாவின் உட்பகுதி அதற்கு நேர்மாறு. இங்கே 146 மீட்டர் நேராக வந்தாலே பெரிது. வளைவு, மழை, மூடுபனி, மரம் ஏற்றிய லோரி, யானை இவைதான் இங்கே சோதனை. அங்கே பழகியவன் இங்கே தடுமாறுவான், இங்கே பழகியவன் அங்கே தூங்கிவிடுவான். ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு பாடம் உண்டு.

பெரிய மோட்டார் இருந்தால்தான் தூரம் போக முடியும் என்பதும் தவறான எண்ணம். மலேசியப் பெண்மணியான அனிதா யூசோப் 2015இல் தன்னந்தனியாக உலகைச் சுற்றக் கிளம்பி 2016இல் நாடு திரும்பினார். அவர் ஓட்டியது 150 சிசி யமஹா. அந்த அளவு மோட்டார் நம் அடுக்குமாடி வீடுகளின் கீழே வரிசையாக நிற்கிறது. தோட்டப்புறத்தை நினைத்துப் பாருங்கள். கிராணியும் மண்டோரும் செம்மண் பாதையில் ஓட்டியது சின்னக் கப்சாய்தான். மழையில் சேற்றில் அதை விழாமல் ஓட்டிய தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று வழுவழுப்பான நெடுஞ்சாலையில் வேகம் காட்டி விழுகிறார்கள். குறை மோட்டாரின் அளவில் இல்லை.

முதல் நாள்: கிரிக் வரை

கோலாலம்பூரிலிருந்து கிரிக் 300 கிலோமீட்டருக்கு மேல். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டார்களுக்குச் சுங்கக் கட்டணம் கிடையாது. ஆனால் ஈப்போவைத் தாண்டியதும் பழைய சாலைக்கு இறங்குவது நல்லது. வேகம் தானாகக் குறையும், ஊரும் கண்ணில் படும். சுங்கை சிப்புட் அந்த வழியில்தான் இருக்கிறது. 1948 ஜூன் 16இல் அங்குள்ள தோட்டங்களில் ஐரோப்பிய நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் பள்ளிப் பாடத்தில் ஒரு வரி. அந்த இடத்தின் வழியே போகும்போது அது ஒரு வரியாக இருப்பதில்லை.

கோலகங்சாரிலிருந்து கிரிக் போகும் பாதையில் லெங்கோங் பள்ளத்தாக்கு வருகிறது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த 'பேரா மனிதனின்' எலும்புக்கூடு கிடைத்த இடம் இது. 2012இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இங்கே ஒரு மணி நேரம் நின்று பார்க்காமல் பறப்பவர்கள் பயணம் செய்யவில்லை, தூரத்தைக் கழிக்கிறார்கள்.

முதல் நாள் இரவு கிரிக்கில் தங்க வேண்டும். இருட்டிய பிறகு மலை ஏறக்கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி ஆபத்து குறையும்.

இரண்டாம் நாள்: கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை

கிரிக்கிலிருந்து ஜெலி வரை ஏறத்தாழ 120 கிலோமீட்டர். 1970இல் தொடங்கிய இந்தச் சாலை வேலை முடிந்து 1982இல் திறக்கப்பட்டது. 12 ஆண்டுகள் ஏன் ஆயின என்றால், ஒரு பக்கம் மலை, மறுபக்கம் துப்பாக்கி. 1974இல் கம்யூனிஸ்டு கெரில்லாக்கள் சாலை போடும் இயந்திரங்களைத் தகர்த்தார்கள். திறந்த பிறகும் தொடக்க ஆண்டுகளில் இரவில் இந்தச் சாலையில் போக அனுமதி இல்லை. 1989 டிசம்பர் 2இல் ஹட்யாயில் அமைதி உடன்பாடு கையெழுத்தான பிறகே இந்தக் காடு முழுமையாக அமைதி கண்டது.

அன்று இரவுத் தடை துப்பாக்கிக்குப் பயந்து. இன்று தடை இல்லை. ஆனால் காரணம் இருக்கிறது. சாலையோரப் புல்லை மேய யானைகள் வருகின்றன. அவை சாலையைக் கடப்பது பெரும்பாலும் இரவில்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். யானை கரும்பாறை போல் இருக்கும், அதன் கண்கள் பூனையின் கண்கள் போல் பளிச்சென்று மின்னாது. விளக்கு வெளிச்சத்தில் தெரியும்போது காலம் கடந்திருக்கும். 2025 மே 11, அன்னையர் தினம். இந்தச் சாலையில் ஒரு குட்டி யானை லோரியில் அடிபட்டு அதன் அடியில் சிக்கி இறந்தது. தாய் யானை அந்த லோரியை விட்டு நகராமல் மணிக்கணக்கில் தலையை முட்டி நின்ற காட்சியை நாடே பார்த்தது.

அடுத்த மாதமே, ஜூன் 9இல், திரெங்கானுவிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்களின் பேருந்து இதே சாலையில் நள்ளிரவுக்குப் பின் ஒரு காருடன் மோதிக் கவிழ்ந்தது. 15 மாணவர்கள் இறந்தார்கள். ஆசிரியராக வேண்டிய பிள்ளைகள். கிரிக் சாலை என்றதும் அம்மாக்களின் நெஞ்சு ஏன் பதறுகிறது என்று கேட்கும் இளைஞர்கள் இந்த இரண்டு தேதிகளையும் நினைவில் வைக்க வேண்டும்.

சாலையை மட்டும் பழி சொல்லிப் பயனில்லை. காலை எட்டு மணிக்கு, பனி விலகிய பிறகு, எண்ணெய்த் தாங்கியைக் கிரிக்கிலேயே நிரப்பிக்கொண்டு, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து ஓட்டுகிறவருக்கு இது நாட்டின் அழகான சாலைகளில் ஒன்று. கப்சாயின் தாங்கி நான்கு லிட்டர் அளவுதான். வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு இங்கே உதவாது. பண்டிங் பாலத்தில் நின்றால் இருபுறமும் தெமெங்கோர் ஏரி. அணை கட்டியபோது மூழ்கிய பள்ளத்தாக்கு அது. ஏரியின் வடக்கே ரோயல் பெலும் காடு. பேராவும் கிளந்தானும் சந்திக்கும் உச்சியில் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். கோலாலம்பூரில் வியர்த்த பிள்ளை அங்கே குளிரில் கை விரைத்து பிரேக்கைப் பிடிக்கத் தடுமாறுவான். ஆகவே கையுறை அலங்காரப் பொருள் அல்ல.

யானையைப் பகலிலும் பார்க்க நேரலாம். அப்போது ஹாரன் அடிக்கக்கூடாது, படம் எடுக்க நெருங்கக்கூடாது. தொலைவிலேயே நின்று, அது வழிவிடும் வரை காத்திருக்க வேண்டும். அது அதன் வீடு. விருந்தாளிதான் பொறுமையாக இருக்க வேண்டும். கிரிக் அருகே சாலையைத் தூக்கிக் கட்டி, மேலே வாகனமும் கீழே விலங்குகளும் போக வழி செய்திருக்கிறார்கள். ஆனால் யானைகள் எல்லாம் அங்கே மட்டும்தான் கடக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

வழியில் பூர்வக்குடி மக்களின் குடியிருப்புகள் உண்டு. சாலையோரத்தில் தேனும் பெத்தாய்க் காயும் விற்பவர்களைக் காணலாம். வாங்குங்கள், பேசுங்கள். குழந்தைகளைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நம் தாத்தா பாட்டியைத் தோட்டத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் படம் எடுத்தது எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நொடி நினைத்தால் போதும்.

ஜெலியிலிருந்து கோலக்கிராய் வழியாகக் குவா மூசாங். கோலக்கிராய் பக்கம் பாசிர் காஜாவில் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. கிளந்தான் மாநிலம் முழுமைக்கும் அது ஒன்றுதான். கிள்ளானில் திரும்பிய பக்கமெல்லாம் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளை, அந்தப் பள்ளியின் பெயர்ப்பலகைக்கு முன் நின்றால், மொழியைக் காப்பது என்றால் என்ன என்பதற்கு மேடைப் பேச்சு தேவைப்படாது. 2014 டிசம்பர் வெள்ளத்தில் கோலக்கிராயும் குவா மூசாங்கும் பட்ட பாட்டை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. ஒட்டுக்கடையில் ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் அவர்களே சொல்வார்கள்.

மூன்றாம் நாள்: திரும்பும் வழி

குவா மூசாங்கில் இரவு தங்கி, மறுநாள் கோலலிப்பிஸ், ரவூப், பெந்தோங் வழியாகத் திரும்பலாம். மொத்தச் சுற்று ஏறத்தாழ 900 கிலோமீட்டர். இந்த மூன்றாம் நாள்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய நாள். காட்டைத் தாண்டிவிட்டோம் என்ற நிம்மதி வரும். உடல் களைத்திருக்கும். மறுநாள் வேலை என்ற நினைப்பில் கை தானாக முறுக்கும். யானைக்குப் பயந்து மெதுவாக ஓட்டியவன், வீட்டு நினைப்பில் வேகமாக ஓட்டுவான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை நிற்பது கோழைத்தனம் அல்ல.

குழுவாகப் போகிறவர்கள் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். வேகத்தைத் தீர்மானிப்பவர் குழுவில் மெதுவாக ஓட்டுபவராக இருக்கட்டும். அனுபவசாலி ஒருவர் கடைசியில் வரட்டும். முன்னால் போகிறவர் பின்னால் விளக்கு தெரியாவிட்டால் நிற்க வேண்டும். மலையில் கைத்தொலைபேசிக்குப் பல இடங்களில் தொடர்பு கிடைக்காது. விழுந்தவரைத் தேடித் திரும்பி வருவதற்குள் இருட்டிவிடலாம். காவல் நிலையம், மருத்துவமனை எந்த ஊரில் இருக்கின்றன என்பது குழுவில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஒருவருக்கு மட்டும் அல்ல.

சொல்லாமல் போகும் பிள்ளை

இப்போது தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது வீட்டுக்கு வருவோம். சொல்லாமல் கிளம்பிய பிள்ளை பகலில் வீட்டை விட்டுப் புறப்பட முடியாது. ஆகவே இரவில் புறப்படுகிறான். மழைச்சட்டை எடுத்தால் அம்மா கேட்பார் என்று எடுக்காமல் போகிறான். டயரை மாற்றக் காசு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும் என்று தேய்ந்த டயரோடு போகிறான். நின்று தங்கினால் வீட்டில் தேடுவார்கள் என்று ஒரே மூச்சில் திரும்பப் பார்க்கிறான். எந்த நான்கு காரியங்களைச் செய்யக்கூடாதோ அந்த நான்கையும் செய்கிறான். 'வேண்டாம்' என்ற சொல் அவனை நிறுத்தவில்லை, இருட்டில் தள்ளியது. இளைஞனின் தவறு இதில் இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அவன் தவறிலிருந்து அவனைக் காக்கும் வழி வீட்டில் இருந்தது.

பெற்றோரே, பிள்ளைக்கு அனுமதி கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உரிமம் எடுத்து மூன்று மாதமே ஆன பிள்ளையை இந்தச் சாலைக்கு அனுப்புவது அறிவீனம். முதலில் கோலசிலாங்கூர் போய் வரட்டும். பிறகு பிரேசர் மலை அடிவாரம். மழையில் ஒரு நாள். படிப்படியாகத்தான் இதைக் கற்க முடியும், நீச்சலைப் போல. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொன்ன நம் முன்னோர், ஆற்றுப் பக்கமே போகாதே என்று சொல்லவில்லை.

அடுத்த நீண்ட விடுமுறைக்கு முன் பிள்ளை வந்து நிற்கும்போது, "போகாதே" என்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த வழியாகப் போகிறாய்? இரவு எந்த ஊரில் தங்குகிறாய்? உன் பின்னால் வருவது யார்? பதில் சொல்லத் தெரிந்தவன் பாதி தயாராகிவிட்டான். அவனோடு கீழே இறங்கிப் போய் டயரையும் பிரேக்கையும் ஒரு முறை பாருங்கள். பதில் சொல்லத் தெரியாதவனுக்கு, அதற்கு அடுத்த விடுமுறை வரை நேரம் இருக்கிறது.