சங்கொலி கேட்டால் எங்கே கூடுவது?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சபுராளிகளாய் வாழ்ந்து ஊர் திரும்பியோர் சார்பில் சில சொற்கள் பேசுமாறு நிர்வாகம் எங்களைப் பணித்தது. சென்ற இடங்களில் ஈட்டியதைப் பற்றி இம்மேடையில் பலரும் பேசிவிட்டார்கள். நாங்கள் அங்கே அஞ்சி ஓடியதைப் பற்றிப் பேசலாம் என எண்ணுகிறோம்.

சிங்கப்பூருக்குச் சென்ற புதிதில், ஒரு பிப்ரவரி 15 அன்று, நகரெங்கும் சங்கு ஊதியது. போர் மூண்டுவிட்டது என்றே நினைத்தோம். தேநீர்க் கடையில் அமர்ந்திருந்த சீனப் பெரியவரோ கையிலிருந்த கோப்பையைக் கீழே வைக்கவும் இல்லை. 1942-இல் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்த அந்நாளில் ஆண்டுதோறும் சங்கை ஒலிக்கச் செய்து, மக்களின் காதுகளை அவ்வொலிக்குப் பழக்குவது அந்நாட்டின் வழக்கம் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

வளைகுடாவில் நடந்ததோ வேறு. இரவு பதினோரு மணிக்கு நாங்கள் தங்கியிருந்த கட்டடத்தில் மணி அலறியது. ஒருவர் அடுப்பிலிருந்த சோற்றுப் பானையை இறக்கச் சென்றார். இருவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டனர். தங்கையின் திருமணத்திற்கென வாங்கிய நகை பெட்டியில் இருக்கிறதே என்று பாதிப் படியிலிருந்து மேலே ஓடியவரும் உண்டு. அவர் இன்று இந்த அவையில்தான் அமர்ந்திருக்கிறார், பெயரைச் சொல்லமாட்டோம். எல்லோரும் கீழே வந்து சேர ஒன்பது நிமிடங்கள் ஆயின. கடிகாரத்துடன் நின்ற அதிகாரி, இது ஒத்திகைதான் என்றும், உண்மைத் தீயாக இருந்தால் எங்களுள் பாதிப்பேர் புகையிலேயே மாண்டிருப்போம் என்றும் கூறினார். நாங்கள் சிரித்துக்கொண்டே மாடியேறினோம். உறக்கம் கெட்டதே என்ற கோபமும் இருந்தது.

அந்தச் சிரிப்பு, 2024 ஜூன் 12-ஆம் நாள் குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்த செய்தி கேட்டபோது தொண்டையில் அடைத்தது. அதிகாலை உறக்கத்தில் ஏறத்தாழ ஐம்பது பேர் மாண்டனர். பெரும்பாலோர் இந்தியர்கள். தமிழர் எழுவர், அவர்களுள் ஒருவர் நம் கடலூர் மாவட்டத்தவர். பலரைக் கொன்றது நெருப்பன்று, புகை. மொட்டைமாடிக்கு ஓடியவர்கள் அதன் கதவு பூட்டியிருக்கக் கண்டனர் என்று செய்திகள் கூறின. பூட்டிய கதவு என்ற இந்த ஒன்றை மட்டும் ஜமாஅத்தார் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பிறகு வருகிறோம்.

2004 டிசம்பர் 26-ஐ நமக்கு எவரும் நினைவூட்டத் தேவையில்லை. அன்று காலை ஆறரை மணியளவில் சுமத்ரா அருகே நிலம் நடுங்கியது. கடலூர்க் கரையில் அலை ஏறியது ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து. இடைப்பட்ட அந்நேரத்தில் நமக்குச் சொல்வார் இல்லை. சொல்லியிருந்தாலும் எங்கே ஓடுவது என்று அறிந்தாரும் இல்லை. மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோரை இழந்தோம். பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் கரையோர மீனவ மக்களுக்குச் சோறாக்கிப் போட்டதையும் உடல்களை மீட்க இறங்கியதையும் நாடே பாராட்டியது. பாராட்டுக்குரியதுதான். எனினும் அவை யாவும் அலை வந்து போன பிறகு செய்தவை.

அதே காலையில், நடுக்கம் தோன்றிய இடத்திற்கு மிக அருகில் இருந்த சிமலூ என்னும் தீவில் ஏறத்தாழ எழுபத்தெட்டாயிரம் பேர் வாழ்ந்தனர். அவர்களும் நம்மைப் போன்ற முஸ்லிம் மக்களே. அங்கே இறந்தோர் ஏழே பேர். 1907-இல் அத்தீவைக் கடல் விழுங்கிய கதையைப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர்: நிலம் பலமாக ஆடி, கடல் பின்வாங்கினால் குன்றுக்கு ஓடு, எதற்கும் காத்திராதே. அவர்களிடம் சங்கும் இல்லை, கருவியும் இல்லை.

இன்று நம்மிடம் கருவிகள் உள்ளன. ஹைதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்தது. அலைதான் பெரிதாக வரவில்லை. 2023 அக்டோபரில் அரசு சோதனைக்காகக் கைபேசிகளை ஒரே நேரத்தில் அலறவிட்டபோது, நம்மில் பலர் வைரஸ் புகுந்துவிட்டது என்று அதனை அணைத்துவிட்டோம்! சங்கு ஊதினால் மட்டும் போதாது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

இனி பூட்டிய கதவுக்கு வருவோம். சென்ற ரமளானில், தராவீஹ் வேளையில் பெண்கள் தொழும் மாடிப் பகுதியின் மின்பெட்டியிலிருந்து புகை எழுந்ததை அனைவரும் அறிவீர்கள். தீ பற்றவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இறங்குவதற்கு ஒரே படிக்கட்டு. அதன் அடியில் இருந்த இரும்புக் கதவைச் செருப்புத் திருட்டுக்கு அஞ்சி நாமே சங்கிலியிட்டுப் பூட்டியிருந்தோம். சாவி மோதினார் அவர்களின் சட்டைப்பையில். அவரோ முதல் வரிசையில் தொழுகையில். நெரிசலில் ஒரு மூதாட்டியின் கை முறிந்தது. செருப்புகள் பத்திரமாக இருந்தன.

ஆகவே ரமளானுக்கு முன்பாக, ஷஅபான் மாதத்தில் ஓர் இரவு, இஷா தொழுகைக்குப் பின் ஒத்திகை ஒன்று நடத்த அனுமதி கேட்கிறோம். ஒலிபெருக்கியில் பாங்குக் குரலோடு கலந்துவிடாதபடி ஒரு தனி ஓசை வேண்டும். மாடியிலிருந்து பெண்கள், குழந்தைகள், முதியோர் முதலில் இறங்கவும், அனைவரும் மதரஸா மைதானத்தில் கூடவும், தெருவாரியாக ஒருவர் நின்று தலைகளை எண்ணவும் ஏற்பாடு வேண்டும். எண்ணுவதற்கு நாங்கள் இருக்கிறோம். எங்களைத்தான் அவ்வளவு முறை எண்ணியிருக்கிறார்களே!

இது ஊர் சிரிக்கும் வேலை என்று நிர்வாகக் குழுவில் ஒரு பெரியவர் கூறினார். சிரிக்கட்டும், நாங்களும் சிரித்தவர்களே. முதல் முறை ஒன்பது நிமிடங்கள் ஆனாலும் பரவாயில்லை. எங்களுக்கு மூன்றாம் ஒத்திகையில் நான்கு நிமிடங்கள் போதுமானதாயிற்று.

படிக்கட்டுக் கதவிற்கு இரண்டாம் சாவி ஒன்று செய்து கொண்டு வந்திருக்கிறோம். அதனைப் பெண்கள் பகுதியின் சுவரில், கைக்கு எட்டும் உயரத்தில் ஆணியடித்து மாட்ட இந்தப் பொதுக்கூட்டம் இன்றே ஒப்புதல் தர வேண்டுகிறோம்.