555 புத்தகமும் கடன் மனுவும்

 

பொருளாதாரத்தில் சிறுபான்மையினரின் சமபங்கு பற்றிப் பேசச் சொன்னார்கள். கேமரன் மலையில் கடை வைத்திருக்கும் எங்களுக்கு அந்தப் பேச்சு 555 புத்தகத்தில்தான் தொடங்குகிறது.

1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இந்த மலையில் தேயிலை நட்டுக் கொழுந்து பறித்தவர்களில் தமிழர்கள் ஏராளம். சம்பள நாள்வரை அவர்களுக்கு அரிசியும் பருப்பும் கடனாகக் கொடுத்த கடைகளில் எங்கள் வாப்பாமார்களின் கடைகளும் உண்டு. சட்டைப்பையில் அடங்கும் 555 புத்தகம்தான் கணக்கு. வசூலாகாத ஏடுகளும் இருக்கின்றன. இல்லையென்றால் எங்கள் வீட்டிலேயே நம்ப மாட்டார்கள். ஆனாலும் பெரும்பாலோர் சம்பளத்தன்றே அடைத்தார்கள்.

இன்று கொழுந்து பறிப்போரில் வங்காளதேசிகளும் நேப்பாளியரும் அதிகம். தோட்டத்தில் பிறந்த நம் பிள்ளைகளில் பலர் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் சிறு வியாபாரம் செய்கிறார்கள். வடை சுட்டு பாசார் மாலாமில் விற்கும் தாய்மார்களும் உண்டு. அவர்களுக்குக் கடனே இல்லை என்று சொல்ல முடியாது. இந்தியத் தொழில்முனைவோருக்காக தெக்குன் நேஷனலில் ஸ்பூமி திட்டம் இருக்கிறது, அடமானமும் கேட்பதில்லை. தடை காகிதத்தில் வருகிறது. வணிகப் பதிவு வேண்டும், தொழில் நடக்கும் இடம் வேண்டும். லயத்து வீடோ கம்பெனிக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். அந்தக் குடும்பத்தின் நாணயம் எங்கள் 555இல் இருக்கிறது, வங்கியின் கணினியில் இல்லை.

1971இன் புதிய பொருளாதாரக் கொள்கையில் நம் இடம் எது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அது நடக்கட்டும். எஸ்எஸ்எம்மில் சொந்தப் பெயரில் தொழிலைப் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு பெயரென்றால் 60. அதற்கு யாருடைய தீர்ப்புக்கும் காத்திருக்க வேண்டாம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் பாட்டாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத்தான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பினார். சிறு பணம் என்று அவர் ஒதுக்கவில்லை.

ஆகவே கடைக்காரர்களாகிய நாங்கள் சங்கத்திடம் கேட்பது இதுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு மண்டபத்தைத் திறந்து விடுங்கள். பதிவு மனுவையும் கடன் மனுவையும் உட்கார்ந்து நிரப்பித் தருகிறோம். கடையோரம் ஒரு மேசை போட இடம் தர எங்களில் சிலர் தயார்; வாடகை ஒப்பந்தமும் எழுதித் தருவோம், மனுவில் எழுத உண்மையான முகவரி கிடைக்கும். பெத்தாய் கொண்டுவரும் செமாய் மக்களும் பதிவுக்கு வரலாம். மதம், இனம் கேட்க மாட்டோம்.

மடிக்கணினியும் தேத்தண்ணிச் செலவும் எங்களுடையவை.