நிலமும் ஆட்சியும் சமயமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் தொய்வின்றி நடைபெறுவது எளிய செயலன்று. கூட்டம் குறைந்த மாதங்களிலும் விளக்கேற்றி, வந்தவர் ஐவரே ஆயினும் அவர் கவிதையைச் செவிமடுத்துக் கேட்டவர்களால் வளர்ந்த வட்டம் இது. அவர்கள் அனைவருக்கும் முதற்கண் என் பாராட்டு உரியது.

இத்தகைய விழாக்களில் யாப்பைப் பற்றியோ படிமத்தைப் பற்றியோ பேசுவதே வழக்கம். நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களுள் சிலருக்கு வியப்பைத் தரலாம். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை நம் பிள்ளைகள் கற்கும் சமூக அறிவியல் பாடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். புவியியல், ஆட்சி முறைகள், உலகச் சமயங்கள் ஆகிய மூன்றின் அடிப்படைகளும் அவ்வயதில்தான் கற்பிக்கப்படுகின்றன. தலைநகரங்களும் ஆண்டுகளும் சமய நிறுவனர்களின் பெயர்களும் தேர்வுக்காக மனப்பாடம் செய்யப்பட்டுத் தேர்வு முடிந்ததும் மறக்கப்படுகின்றன. ஏனையோர் மறந்தால் பெரிய இழப்பில்லை எனலாம். கவிஞன் மறக்கலாகாது என்பதே என் கருத்து.

மனிதன் எங்கே நிற்கிறான் என்பதைப் புவியியல் சொல்கிறது. உடன் நிற்பவரோடு அதிகாரத்தை எவ்வாறு பகிர்ந்துகொள்கிறான் என்பதை ஆட்சியியல் சொல்கிறது. எதன் முன் தலை வணங்குகிறான் என்பதைச் சமயப் பாடம் சொல்கிறது. பாடநூல் இவற்றை மூன்று அலகுகளாகப் பிரித்தாலும் வாழ்வில் இவை பிரிந்து நிற்பதில்லை. நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்து, தெய்வத்தையும் உணவையும் தொழிலையும் அந்நிலத்தில் தோன்றும் கருப்பொருளாக வைத்தது. முல்லைக்கு மாயோன், குறிஞ்சிக்குச் சேயோன், நெய்தலுக்கு வருணன் என்று சொன்ன அந்நூல், நெல் விளையும் மருத நிலத்தின் தெய்வத்தை எப்பெயரால் சுட்டுகிறது? வேந்தன் என்கிறது. உரையாசிரியர்கள் அவனை இந்திரன் என்பர். எனினும் அப்பெயரின் பொருள் அரசன் என்பதே. விளைச்சல் மிகுந்த ஆற்றங்கரையில்தான் அரசு வலுப்பெறுகிறது என்பது வரலாறு. நிலம், ஆட்சி, தெய்வம் ஆகிய மூன்றும் அந்த ஒரு சொல்லில் சந்திக்கின்றன. அப்படிப்பட்ட மொழியில் எழுதுகிறவர்கள் நாம்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். கிழக்கு என்னும் சொல் கீழ் என்பதிலிருந்தும், மேற்கு என்னும் சொல் மேல் என்பதிலிருந்தும் பிறந்தவை. மேற்கே மலைத்தொடர் உயர்ந்தும், கிழக்கே கடலை நோக்கி நிலம் தாழ்ந்தும் கிடக்கும் நாட்டில் வாழ்ந்தவர்கள் வைத்த பெயர்கள் இவை. காவிரியும் வைகையும் பொருநையும் மேலிருந்து கீழாக, அதாவது மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகின்றன. நம் திசைப் பெயர்களே ஒரு நிலப்படம்தான். மலைத்தொடருக்கு அப்பால் சென்றால் நிலை தலைகீழாகிறது. கேரளத்தில் மலை கிழக்கே, கடல் மேற்கே. ஆயினும் மலையாளிகளும் மலை உயர்ந்த அத்திசையைக் கிழக்கு என்றே அழைக்கிறார்கள். மேற்கை மட்டும் ஞாயிறு படும் திசை என்னும் பொருளில் படிஞ்ஞாறு என்கிறார்கள். தம் நிலத்துக்குப் பொருந்தாத கிழக்கை அம்மொழி இன்னும் சுமந்துகொண்டிருப்பதைக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் எடுத்துக்காட்டினார். நிலம் மாறிய பின்னும் சொல் பழைய நிலத்தை நினைவில் வைத்திருக்கிறது.

பருவங்களும் அவ்வாறே. பூமியின் அச்சு ஏறத்தாழ இருபத்து மூன்றரைப் பாகை சாய்ந்திருப்பதால் பருவங்கள் உண்டாகின்றன என்று பள்ளியில் படிக்கிறோம். கதிரவனுக்கு அருகே செல்லும்போது கோடையும் விலகும்போது குளிரும் வருவதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் பூமி கதிரவனுக்கு மிக அருகில் இருப்பது சனவரித் தொடக்கத்தில்தான். நாம் மார்கழிப் பனியில் இருக்கும் வேளை அது. நிலநடுக்கோட்டிலிருந்து விலகிய குளிர்நாடுகள் நான்கு பருவங்களைக் கண்டன. நம்மவர் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பொழுதுகளைக் கண்டனர். வடகிழக்குப் பருவக்காற்று ஐப்பசி, கார்த்திகையில் மழை கொணரும் நாட்டுக்கு உரிய கணக்கு அது.

இக்காலக் கவிதைகள் சிலவற்றில், இலைகள் செம்பொன்னாகி ஒருசேர உதிரும் இலையுதிர் காலத்தைத் தஞ்சை வயல்வெளியிலும் காண்கிறோம். வேப்பமரம் இலை உதிர்ப்பதும் தளிர்ப்பதும் எந்தத் திங்களில் என்று வாசலில் நின்று பார்த்திருந்தால் அந்த வரி வேறாக அமைந்திருக்கும். மாறாக, கனடாவிலும் நார்வேயிலும் வாழும் தமிழர் பனியை எழுதினால் அது அவர்தம் சொந்த நிலம். பனிநிலத்தை ஆறாம் திணை என்று கொள்ளும் வழக்கே அவர்களிடையே தோன்றியிருக்கிறது. சிட்னி நகரத் தமிழர்க்கு மார்கழி கடுங்கோடையில் வருகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரில் இளவேனில் என்றும் முதுவேனில் என்றும் பிரிக்க ஒன்றுமில்லை. தமிழ் ஒன்று, தமிழ் நிற்கும் நிலங்கள் பல. எந்த நிலத்தில் நின்று பாடுகிறோம் என்று அறிந்து பாடுவதே திணையறிவு.

நிலத்திலிருந்து ஆட்சிக்குச் செல்ல ஆற்றைவிட நல்ல வழி இல்லை. காவிரி குடகு மலையில் பிறக்கிறது என்பது புவியியல். அது இரு பெரு மாநிலங்களைக் கடப்பதால் 1924இல் ஓர் ஒப்பந்தமும், 1990இல் ஒரு நடுவர் மன்றமும், 2007இல் அம்மன்றத்தின் இறுதித் தீர்ப்பும், 2018இல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பும் வந்தன. இது ஆட்சியியல். கூட்டாட்சி என்னும் சொல்லின் பொருளைக் காவிரி உழவர் பாடநூலைத் திறக்காமலே அறிவர்.

ஆட்சி முறைகளின் பெயர்களை நாம் மேடையில் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். குடியரசு என்றும் மக்களாட்சி என்றும் ஒரே பொருளில் பாடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. நாட்டின் தலைமை பரம்பரை வழியாக வாராதது குடியரசு. ஆள்வோரை மக்கள் தேர்ந்தெடுப்பதும் அகற்றுவதும் மக்களாட்சி. பிரிட்டனிலும் ஜப்பானிலும் மக்களாட்சி உண்டு; ஆனால் முடி இருப்பதால் அவை குடியரசுகள் அல்ல. குடியரசு என்று பெயர் சூடிக்கொண்டு மக்களின் வாக்குக்கு மதிப்பளிக்காத நாடுகளையும் உலகம் கண்டிருக்கிறது. 2008இல் நேபாளம் முடியாட்சியை நீக்கிக் குடியரசானது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நாட்டின் தலைவராகவும் அரசின் தலைவராகவும் இருக்கிறார். நம் நாட்டில் அவ்விரு பொறுப்பும் குடியரசுத் தலைவருக்கும் தலைமை அமைச்சருக்கும் பிரித்தளிக்கப்பட்டுள்ளன. சொல்லின் எல்லை தெரியாமல் முழங்குவது, எல்லைக்கல் தெரியாமல் நிலம் உழுவதைப் போன்றது.

மேடைகளில் நாம் பெருமையோடு சொல்லும் இன்னொன்று உத்திரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் வாரியத்தில் இடம்பெற முடியாது என்ற விதியைப் படிக்கும்போது இன்றும் வியப்பு மேலிடுகிறது. பெருமை கொள்ளத்தக்கதே. ஆனால் அதே கல்வெட்டு தகுதிகளையும் சொல்கிறது. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும். அது ஒரு பிரமதேய ஊரின் சபை. அவ்வூர் நிலத்தை உழுத கைகளின் பெயர் எந்த ஓலையிலும் இல்லை. பெண்ணின் பெயரும் இல்லை. பண்டைய ஏதென்சும் பெண்களையும் அடிமைகளையும் விலக்கியே குடியாட்சி நடத்தியது.

இதனோடு 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடைபெற்ற நம் முதற் பொதுத்தேர்தலை ஒப்பிட்டுப் பாருங்கள். வாக்காளர் 17 கோடிக்கு மேல், பெரும்பாலோர் எழுத்தறியாதவர். நிலமும் மனையும் கேட்கப்படவில்லை. வயது மட்டும் கேட்கப்பட்டது. ஆயினும் வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் கூறியதால் பட்டியலில் இடம்பெறாமல் போயினர். தன் பெயரைச் சொல்லத் தெரிவது குடியுரிமையின் முதற் பாடம் என்பதை இந்த ஓர் எண் உணர்த்துகிறது. கவிஞர்களே, பாடநூலில் ஒரு வரியாகக் கடந்து போகக்கூடிய இந்தச் செய்தியில் ஒரு காவியம் காத்திருக்கிறது.

கல்வெட்டில் இறை என்ற சொல் வந்ததல்லவா? தமிழில் இறை என்பது வரி. இறை என்பவன் அரசன். இறை என்பவன் கடவுளும் ஆவான். கோயில் என்பது முன்பு கோவின் இல்லம், பின்பு தெய்வத்தின் இல்லம். ஆட்சியும் சமயமும் ஒரே வாசலில் நின்ற காலத்தின் சுவடு இது. அச்சொற்களின் வழியாகவே மூன்றாம் பாடத்துக்குள் நுழைவோம்.

சமயத்தையும் நிலப்படமின்றிக் கற்க இயலாது. இசுலாமியர் மேற்கு நோக்கித் தொழுவார்கள் என்று நம்மில் பலர் கூறுவர். அவர்கள் நோக்குவது மக்காவிலுள்ள கஅபாவை. தமிழ்நாட்டிலிருந்து அது மேற்கே, சற்று வடக்காக அமைந்திருக்கிறது. இலண்டனில் தொழுவோர் தென்கிழக்கு நோக்குவர். மாஸ்கோவில் ஏறத்தாழத் தெற்கு. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் வடகிழக்கு. உலகெங்கும் வட்டமாக நின்று ஒரே நடுவை நோக்கும் அக்காட்சியை, மேற்கு என்ற ஒரு சொல்லில் சுருக்குவது எத்தகைய இழப்பு!

நாள்காட்டிகளும் அவ்வாறே. பொங்கல் கதிரவனின் கணக்கு. ஆகவே தைத் திங்களை விட்டு அகல்வதில்லை. இசுலாமிய ஆண்டு முழுவதும் பிறையின் கணக்கு. ஏறத்தாழ 354 நாள்கள். அதனால் ரமலான் நோன்பு ஆண்டுதோறும் பதினொரு நாள் அளவில் முன்னகர்ந்து, முப்பத்து மூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2030ஆம் ஆண்டில் சனவரியில் ஒரு முறையும் டிசம்பர் இறுதியில் மறுமுறையும் ரமலான் தொடங்கும். ஈஸ்டர் கதிரவன், நிலவு, கிழமை ஆகிய மூன்றையும் இணைத்துக் கணிக்கப்படுகிறது. கவிஞர் பாடும் அதே நிலவுதான் இவ்வளவு வேலையும் செய்கிறது.

பிற சமயத்தைக் கற்கும் முறைக்கு நம்மிடம் ஒரு பழைய பாடம் உண்டு. மணிமேகலைக் காப்பியத்தின் இருபத்தேழாம் காதையில் மணிமேகலை வஞ்சி நகரில் சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், பூதவாதி முதலிய பலரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். காப்பியம் பௌத்தச் சார்புடையது; இறுதியில் பௌத்த அறத்தையே அவள் ஏற்கிறாள். எனினும் முதலில் கேட்கிறாள். கேளாமல் மறுக்கவில்லை. அந்தக் காதையைத் தமிழின் முதல் உலகச் சமயப் பாடம் என்றே நான் கருதுகிறேன்.

கேட்டபின் எழுதியவர்களும் உண்டு. உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைப் பாடும்போது வயலும் வளமும் பெருகிய நாடாகப் பாடுகிறார். இத்தாலியில் பிறந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர் தேம்பாவணியில் யூதேய நாட்டை மருத வளத்தோடு படைக்கிறார். பாலைநிலத்தில் நெல்வயல் எங்கிருந்து வந்தது என்று எட்டாம் வகுப்பு மாணவன் கேட்கலாம், கேட்க வேண்டும். விடை இதுதான்: தொலைவிலிருந்து வந்த நம்பிக்கைக்கு அப்புலவர்கள் நம் நிலத்தில் ஒரு மனை அளித்தார்கள். காப்பிய மரபை அறிந்து செய்த விருந்தோம்பல் அது. அறியாமையால் பிறரின் நோன்பையும் தொழுகையையும் திருப்பலியையும் தவறான சொல்லால் குறிப்பது அதற்கு நேர்மாறானது. ஒரு தவறான உவமை பக்கத்து வீட்டாரின் மனத்தைப் புண்படுத்தும். அச்சில் ஏறிவிட்டால் தலைமுறைக்கும் நிற்கும்.

இறுதியாக ஒரு சொல். பள்ளி என்பது பண்டு சமணரும் பௌத்தரும் தங்கிய இடத்தின் பெயர். பின்னர் அதுவே பிள்ளைகள் பயிலும் பள்ளிக்கூடமாயிற்று. இசுலாமியர் தொழும் பள்ளிவாசலும் ஆயிற்று. மூவரையும் ஒரு சொல்லின் கீழ் அமர வைத்த மொழி நம்முடையது. அந்த மொழிக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு என்ன?

வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். வரும் ஆண்டில் சில கூட்டங்களையேனும் இம்மூன்று பாடங்களுக்கு ஒதுக்குங்கள். சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவரை அழைத்து நிலப்படத்தைச் சுவரில் மாட்டச் சொல்லுங்கள். நம் ஊரில் உள்ள பல சமயத்தாரையும் அழைத்து, அவர்தம் வழிபாட்டைப் பற்றி அவர் வாயாலேயே கேளுங்கள். நம் கவிதை வளரும். அதனினும் மேலாக, நம் ஊரில் நல்லெண்ணம் வளரும். பத்தாண்டு கண்ட வட்டம் நூறாண்டு காண வாழ்த்தி அமைகிறேன்.