அடுப்புப் புகையும் பிள்ளைகளின் நெஞ்சும்

(தோட்டத்துத் தாய்மார் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மலையில் இருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

"பிள்ளைக்கு ஏன் அடிக்கடி சளி பிடிக்குது?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வீர்கள். "குளிருங்க!" நாங்களும் பல வருஷமாக அதைத்தான் சொல்லி வந்தோம். தொப்பி போடுங்கள், கதவைச் சாத்துங்கள், பிள்ளையைச் சூடாக வைத்திருங்கள் என்று லயம் லயமாகப் போய்ச் சொன்னோம். பிள்ளையைச் சூடாக வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் கதவைச் சாத்திய காம்பராவுக்குள்ளே என்ன எரிகிறது என்று நாங்கள் கேட்கவில்லை. அது எங்கள் பிழை. அந்தப் பிழையைத் திருத்தத்தான் இன்றைக்குப் பேசுகிறோம்.

விடியக் கருக்கலில் நம் லயங்களில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். பெரட்டுக்கு முன்னால் ரொட்டி சுட வேண்டும். வெளியே பனி. மிலாறு மழையில் நனைந்து கிடக்கும், இலேசில் பற்றாது. ஊதி ஊதிப் பற்ற வைக்கிறோம். கைப்பிள்ளை இடுப்பில் இருக்கும், இல்லாவிட்டால் குளிர் காயட்டும் என்று அடுப்புக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கும். நமக்கே கண் எரிந்து தண்ணீர் வடியும். பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது, இருமும்.

காற்று மாசடைவது என்றால் கொழும்பு வாகனப் புகை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நம்முடைய மலைக் காற்று நல்ல காற்று என்று பெருமையாகச் சொல்வோம். வெளிக்காற்று பெரும்பாலும் நல்லதுதான். ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், ஜன்னலும் புகைக்கூடும் இல்லாத இடத்தில் விறகு எரிந்தால் உள்ளே இருக்கும் காற்று வேறு. காற்றோட்டம் இல்லாத வீடுகளில் நுண்ணிய புகைத்தூள் இருக்கத்தக்க அளவைவிட 100 மடங்கு வரை கூடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குசினிச் சுவரைப் பாருங்கள். அந்தச் சுவரைக் கறுப்பாக்கிய கரி, பிள்ளையின் நெஞ்சுக்குள்ளும் போகிறது.

எப்படிப் போகிறது? புகையில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தூள் இருக்கிறது. நம் தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத தூள் அது. பெரிய தூசு மூக்கிலேயே நின்றுவிடும். இது நிற்காது. சுவாசப்பையின் கடைசிக் காற்றறை வரைக்கும் போய்விடும்.

பெரியவர்கள் ஒரு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 12 முதல் 20 தடவைதான் மூச்சு விடுவார்கள். பிறந்த பிள்ளை 30 முதல் 60 தடவை மூச்சு விடும். அதனால் உடம்பின் நிறைக்கு ஏற்றபடி பார்த்தால் நம்மைவிடக் கூடுதலான புகையைப் பிள்ளை இழுக்கிறது. அதோடு பிள்ளையின் சுவாசப்பை இன்னும் வளர்ந்து முடியவில்லை. பிறந்த பிறகும் முதல் சில வருஷங்களில்தான் காற்றறைகள் பெருகுகின்றன. வளரும் கொழுந்தில் விழும் கொப்புளம் மாதிரி, வளரும் நெஞ்சில் படும் கேடு பிறகும் நிற்கக்கூடும்.

இனி நோய் எதிர்ப்புச் சக்தியைப் பற்றிச் சொல்கிறோம். மூச்சுக்குழாயின் உள்பக்கம் முழுக்க மயிர் போன்ற மெல்லிய இழைகள் உண்டு. வாசல் கூட்டுகிற மாதிரி அவை கிருமியையும் சளியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். புகை படப் பட அந்தக் கூட்டும் வேலை தளர்ந்துபோகும். காற்றறைக்குள் காவல்காரர் மாதிரி சில உயிரணுக்கள் இருக்கின்றன. உள்ளே வரும் கிருமியை விழுங்கி அழிப்பது அவற்றின் வேலை. அந்தக் காவல்காரர் கரித்தூளை விழுங்கி விழுங்கிக் களைத்துப்போனால் கிருமி வரும்போது யார் பிடிப்பது? சளியைக் கொண்டு வருவது கிருமிதான். ஆனால் கதவைத் திறந்து விடுவது புகை. அதனால்தான் சாதாரண சளி சில பிள்ளைகளுக்கு நெஞ்சில் இறங்கி நியூமோனியாவாகிறது, இழுப்பாகிறது.

இது சின்ன விஷயம் இல்லை. உலகம் முழுவதும் வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020 ஆம் ஆண்டில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் 2,37,000க்கும் மேற்பட்டவர்கள் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். வயிற்றுப் பிள்ளையையும் புகை விடுவதில்லை. தாய் இழுக்கும் புகையில் இருக்கும் காபன் மொனொக்சைட்டு இரத்தத்தில் கலந்து, வயிற்றுப் பிள்ளைக்குப் போகும் ஒட்சிசனைக் குறைக்கிறது. பிள்ளை நிறை குறைந்து பிறக்கக்கூடும்.

குவாத்தமாலா என்ற நாட்டிலும் நம்மைப் போல மலையில் வாழும் ஏழைக் குடும்பங்கள் வீட்டுக்குள்ளேயே விறகு எரிக்கிறார்கள். அங்கே ஒரு பகுதி வீடுகளுக்குப் புகைக்கூடு வைத்த அடுப்பைக் கட்டிக் கொடுத்து, கட்டாத வீடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு 2011 இல் வெளிவந்தது. பிள்ளைகள் இழுத்த புகை ஏறக்குறைய பாதியாகியது. எல்லா நியூமோனியாவும் குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் கடுமையான நியூமோனியா மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. ஆகவே புகைக்கூடு கட்டினால் சளியே வராது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். புகையை எவ்வளவுக்குக் குறைக்கிறோமோ அவ்வளவுக்குப் பிள்ளைக்கு நல்லது என்றே சொல்கிறோம்.

"கேஸ் வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது எங்களுக்கு இலேசு. நாள் சம்பளத்தில் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். 2022 இல் கேஸ் தட்டுப்பாடு வந்தபோது டவுனில் இருந்தவர்களே விறகுக்குத் திரும்பினார்கள். முடிந்தவர்கள் வாங்குங்கள். முடியாதவர்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறோம்.

முதலாவது, அடுப்பு எரியும்போது பிள்ளை அங்கே இருக்கக்கூடாது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை. விடியக்காலையில் அப்பாவோ அப்பாயியோ பிள்ளையைப் போர்த்தி இஸ்தோப்பிலோ அடுத்த காம்பராவிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஈர விறகு வேண்டாம். மிலாறை மழைக்கு முன்னரே வெட்டி, மூடிக் காய வையுங்கள். பெரிய கட்டைகளைச் சிறிதாகப் பிளந்து எரித்தால் புகை குறையும். இது ஆம்பிளைகளின் வேலை என்று சொல்லவும் வேண்டுமா?

மூன்றாவது, அடுப்புப் பற்ற வைக்க சொப்பிங் பேக், டயர்த் துண்டு போடாதீர்கள். அந்தப் புகை விறகுப் புகையைவிட நஞ்சு.

நான்காவது, புகைக்கூடு இருந்தால் கரியைத் தட்டித் துப்புரவு செய்யுங்கள். அடைபட்ட புகைக்கூடு புகையை வீட்டுக்குள்ளேதான் திருப்பும். இல்லாத லயங்களில் நாலைந்து குடும்பம் சேர்ந்து தோட்ட நிருவாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். ஒருத்தர் போய்ச் சொன்னால் மறந்துபோகும், கடிதம் மறக்காது. கடிதம் எழுத நாங்கள் உதவி செய்வோம். இரட்டை வாய் வைத்த அனகி அடுப்பு விறகை மிச்சப்படுத்தும். ஆனால் அதற்கும் புகை போக வழி வேண்டும்.

ஐந்தாவது, தலை முழுகின பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டுவது நம் பெரியவர்கள் வழக்கம். அன்புதான் காரணம், தெரியும். ஆனால் அதுவும் புகைதான். பிள்ளையின் தலையைத் துணியால் நன்றாகத் துவட்டினால் போதும். வீட்டுக்குள்ளே பீடி, சிகரெட், கொசுவர்த்தியும் வேண்டாம். இரவில் குளிருக்குத் தணல் சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் படுப்பது மிகவும் ஆபத்து. அதில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

ஆறாவது, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மாத்திரம் கொடுங்கள். தாயின் எதிர்ப்புச் சக்தி பாலிலும் பிள்ளைக்குப் போகிறது. இரண்டு, நான்கு, ஆறு மாதத் தடுப்பூசிகளை அரை நாள் சம்பளத்துக்காகத் தள்ளிப் போடாதீர்கள். குக்கலையும் சில வகை நியூமோனியாவையும் தடுப்பது அதுதான்.

இவ்வளவும் செய்தும் பிள்ளைக்குச் சளி வரலாம். அப்போது பயப்படாமல் ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், அன்றைக்கே டிஸ்பென்சரிக்கோ ஆஸ்பத்திரிக்கோ கொண்டு போங்கள். மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குக் கீழே பள்ளம் விழுந்தால், பால் குடிக்க முடியாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், வலிப்பு வந்தால், எழுப்ப எழுப்பத் தூங்கினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1990 க்கு டெலிபோன் பண்ணினால் சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசமாக வரும். லயம் வரை வண்டி ஏறாத தோட்டம் என்றால் ஒருவரை லைட்டோடு பெரிய ரோட்டுக்கு அனுப்பி வையுங்கள். "விடிஞ்சதும் கொண்டு போவோம்" என்ற ஒரு சொல்லால் நம் லயங்களில் எத்தனை பிள்ளைகளை இழந்திருக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும்.

தாய்மாரே, பிள்ளைக்குச் சளி பிடித்தது உங்கள் குற்றம் இல்லை. அந்தக் காம்பராவை நீங்கள் கட்டவில்லை. ஆனால் நாளை விடியக்காலையில் அடுப்புப் பற்ற வைக்கும்போது பிள்ளை எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். அடுத்த முறை நாங்கள் லயத்துக்கு வரும்போது தொப்பி போட்டிருக்கிறதா என்று மாத்திரம் கேட்க மாட்டோம். அடுப்பையும் வந்து பார்ப்போம்.