நோட்டீஸில் இல்லாதவை



பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கிய வாரம், பள்ளி வாசல் மின்கம்பத்தில் ஒரு நோட்டீஸ். “பெண்கள் தேவை. கைநிறையச் சம்பளம். உணவு, தங்குமிடம் இலவசம்.” கீழே ஒரு செல்பேசி எண். ஆலையின் பெயர்கூட இல்லை.

வகுப்புக்கு எடுத்துவந்து, “இதில் எழுதாமல் விட்டது என்ன?” என்று கேட்டேன். கைநிறைய என்றால் எத்தனை ரூபாய்? வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம் பிடித்தது போக எவ்வளவு? இரவு ஷிப்ட் உண்டா? கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் சட்டப்படி உண்டே, தருவார்களா? கரும்பலகை நிறைந்துவிட்டது. கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை, “டீச்சர், நடுவுல வீட்டுக்குப் போகணும்னா விடுவாங்களா?” என்றாள். அவள் அக்கா ஒரு நூற்பாலையில் இரண்டு ஆண்டு இருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவள்.

திருப்பூர், திண்டுக்கல் பக்கம் ‘சுமங்கலித் திட்டம்’ என்று சொல்லி, மூன்று ஆண்டு முடித்தால் மொத்தத் தொகை என்று ஆள் எடுத்ததை நாம் அறிவோம். அது சீதனம் அல்ல, பிடித்துவைத்த அவர்கள் கூலி. நடுவில் நின்றால் அது என்னாகும் என்பதை எந்த நோட்டீஸ் சொன்னது?

அன்று மாலை அந்த எண்ணுக்கு அழைத்து, பிள்ளைகளின் கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். “நேர்ல வாங்க, பேசிக்கலாம்” என்றார்கள். மறுநாள் அந்தப் பதிலையும் கரும்பலகையில் எழுதினோம்.